ஸ்டெம் செல்லிலிருந்து சிறுநீரக ஆர்கனாய்டு: செய்முறை, சறுக்கும் இடங்கள், நம்பத்தகுந்த எல்லை

கேள்வி: ஐபிஎஸ் செல்களிலிருந்து (வளர்ந்த மனிதரின் செல்லை மீண்டும் கருநிலைக்குத் திருப்பிய ஸ்டெம் செல்கள்) சிறுநீரக ஆர்கனாய்டு வளர்ப்பது எப்படி? அதே செய்முறையைத்தான் பின்பற்றுகிறோம், ஆனால் ஒருமுறை வந்தது மறுமுறை வருவதில்லை. ஏன்? பாலிசிஸ்டிக் கிட்னி நோயை (சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் பெருகும் பரம்பரை நோய்) ஆராய இந்த மாதிரியை எவ்வளவு தூரம் நம்பலாம்?

முதலில் கையில் வரப்போகும் பொருள் என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள். ஆர்கனாய்டு என்பது சில மில்லிமீட்டர் அகலமுள்ள தட்டையான திசு வட்டு. அதற்குள் போடோசைட்டுகள் என்ற வடிகட்டிச் செல்கள் கொண்ட குளோமருலஸ், அண்மைச் சுருள் குழல், ஹென்லே வளைவின் தொடக்கம், சேய்மைக் குழல் என்று நெஃப்ரான் என்ற வடிகட்டி அலகின் பகுதிகள் வரிசையாக அமைந்திருக்கும். சுற்றிலும் இடைத்திசு, ஆங்காங்கே ரத்தக்குழாய்ச் செல்கள். மரபணு வெளிப்பாட்டை ஒப்பிட்டால் இது முதல் மூன்று மாதக் கருவின் சிறுநீரகத்தை ஒத்தது. வளர்ந்த மனிதரின் சிறுநீரகம் ஒவ்வொன்றிலும் சராசரியாகப் பத்து லட்சம் நெஃப்ரான்கள் உண்டு. ஆர்கனாய்டில் நூறைத் தாண்டினாலே நல்ல விளைச்சல். ‘தட்டில் வளர்த்த குட்டிக் கிட்னி’ என்று செய்திகளில் வருவதை மறந்துவிட்டு, ‘கருநிலைச் சிறுநீரகத் திசுவின் ஒரு துண்டு’ என்று மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் பல குழப்பங்கள் தீரும்.

இன்று புழக்கத்தில் உள்ள செய்முறைகளின் வேர் 2014, 2015ஆம் ஆண்டுகளில் இருக்கிறது. ஜப்பானில் குமாமோட்டோ பல்கலைக்கழகத்தின் தாகுச்சியும் நிஷினாகமுராவும், ஆஸ்திரேலியாவில் மினோரு தகாசாட்டோவும் மெலிசா லிட்டிலும், அமெரிக்காவில் ரியூஜி மொரிசானேவும் ஜோசப் பான்வென்ட்ரேவும், அங்கேயே பெஞ்சமின் ஃப்ரீட்மேனும் தனித்தனி வழிகளைக் கண்டார்கள். அடிப்படைத் தர்க்கம் ஒன்றுதான்: கருவில் சிறுநீரகம் எந்த வரிசையில் உருவாகிறதோ அதே வரிசையில் சமிக்ஞைகளைக் கொடுப்பது. முதலில் கருவின் அடுக்குகள் பிரியும் முதல்நிலைக் கோடு, பிறகு சிறுநீரகத்தின் மூலமான இடைநிலை மீசோடெர்ம், பிறகு நெஃப்ரான்களைத் தரும் மெட்டாநெஃப்ரிக் மீசன்கைம். இங்கே விரிவாகச் சொல்வது தகாசாட்டோ–லிட்டில் முறையை. புதிதாகத் தொடங்கும் ஆய்வகத்துக்கு அதுதான் கைவரும் என்பது என் கணிப்பு. பல செல் வகைகள் ஒரே துண்டில் கிடைக்கும், வெட்டிச் சாயமேற்றவும் எளிது.

விதைக்கும் நாளிலிருந்தே கணக்கு தொடங்குகிறது. ஐபிஎஸ் செல்களைத் தனிச் செல்களாகப் பிரித்து, செல்கள் ஒட்டிக்கொள்ள உதவும் மேட்ரிஜெல் பூசிய பரப்பில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 15,000 என்ற அடர்த்தியில் விதையுங்கள். 25 சதுர சென்டிமீட்டர் ஃபிளாஸ்க்குக்கு 3,75,000 செல்கள். தனிச் செல்லாக்கியதும் செத்துப்போகாமல் இருக்க அன்று ஒரு இரவு மட்டும் ராக் தடுப்பானை 10 மைக்ரோமோலார் அளவில் சேர்க்கலாம். மறுநாள், அதாவது நாள் 0, பழைய மீடியத்தை எடுத்துவிட்டு ஏபெல் மீடியத்தில் சிஎச்ஐஆர்99021 என்ற மருந்தை 8 மைக்ரோமோலார் அளவில் கொடுக்க வேண்டும். இதைச் சுருக்கமாக ‘சிர்’ என்கிறேன். 10 மில்லிமோலார் ஸ்டாக் வைத்திருந்தால் 10 மில்லி மீடியத்துக்கு 8 மைக்ரோலிட்டர். ஜிஎஸ்கே3 என்சைமைத் தடுத்து வின்ட் சமிக்ஞையைத் தூண்டுவதுதான் இதன் வேலை. நான்கு நாட்கள், இரண்டு நாளுக்கு ஒருமுறை புது மீடியம். முதல் இரண்டு நாளில் கணிசமான செல்கள் செத்து மிதக்கும். அது எதிர்பார்த்ததுதான், பயந்து நிறுத்த வேண்டாம்.

நான்காம் நாள் சிர்ரை நிறுத்தி எஃப்ஜிஎஃப்9 என்ற வளர்ச்சிக் காரணிப் புரதத்தை மில்லிக்கு 200 நானோகிராமும் ஹெப்பாரினை மில்லிக்கு 1 மைக்ரோகிராமும் கொடுங்கள். ஹெப்பாரின் இங்கே ரத்தம் உறையாமல் தடுக்க வரவில்லை. எஃப்ஜிஎஃப்9 நிலைத்து நின்று தன் ஏற்பியோடு ஒழுங்காக இணைவதற்கு அது வேண்டும். விலை குறைவான பொருள் என்பதால் அலட்சியமாகி விட்டுவிடுகிறவர்கள் உண்டு. விட்டால் விலை உயர்ந்த எஃப்ஜிஎஃப்9 பாதி வீண்.

ஏழாம் நாள்தான் கைவேலை அதிகம். ஒற்றையடுக்காகப் பரவிய செல்களை ட்ரிப்சினால் பிரித்து, மீடியத்தால் ட்ரிப்சினை முழுக்கச் செயலிழக்கச் செய்து, எண்ணி, ஒரு குழாய்க்கு 5 லட்சம் செல்கள் வீதம் பங்கிட வேண்டும். 400 ஜி வேகத்தில் 2 நிமிடம் சுழற்றி, குழாயை 180 பாகை திருப்பி வைத்து மீண்டும் சுழற்றினால் கட்டி ஒரு பக்கம் சாயாமல் அடியில் உருண்டையாக உட்காரும். அகன்ற வாயுள்ள டிப்பால் கட்டியை உடையாமல் உறிஞ்சி, 0.4 மைக்ரோமீட்டர் துளையுள்ள டிரான்ஸ்வெல் சவ்வின்மேல் மிகக் குறைந்த திரவத்தோடு இறக்குங்கள். மீடியம் சவ்வுக்குக் கீழேதான் இருக்க வேண்டும். ஆறு குழித் தட்டில் ஒரு குழிக்குச் சுமார் 1.2 மில்லி போதும். மேலே காற்று, கீழே மீடியம். கட்டி திரவத்தில் மூழ்கினால் பரவி ஒட்டாமல் மிதந்து அலையும், வடிவமும் கெடும்.

இறக்கியதும் கீழுள்ள மீடியத்தில் 5 மைக்ரோமோலார் சிர், சரியாக ஒரு மணி நேரம். மீசன்கைம் செல்கள் நெஃப்ரானாகத் திரும்புவதற்கான தூண்டல் இது. இதை மறந்தால் நெஃப்ரான்கள் சொற்பமாகவே வரும். மாலையில் வைத்துக் காலையில் எடுத்தால் வேறு சிக்கல்: வின்ட் சமிக்ஞை ஓயாமல் இருந்தால் மீசன்கைம் செல்கள் எபிதீலியமாக மாறும் படி தடைபடும். ஆகவே அலாரம் வையுங்கள். பிறகு ஐந்து நாட்கள் எஃப்ஜிஎஃப்9, ஹெப்பாரின். அதன்பின் எந்த வளர்ச்சிக் காரணியும் இல்லாத மீடியம், 7+18ஆம் நாள்வரை (ஏழாம் நாளுக்குப் பின் 18 நாள்). 7+5 வாக்கில் சாதாரண மைக்ராஸ்கோப்பிலேயே வட்ட வட்டமாகச் சிறு பைகள் தெரியத் தொடங்கும். அவை நெஃப்ரான்களின் முன்னோடிகள். அந்தக் கட்டத்தில் ஒன்றுமே தெரியவில்லை என்றால் அந்தத் தொகுதியைத் தொடர்ந்து வளர்ப்பது மீடியச் செலவு மட்டுமே.

நாட்காட்டிக்கு ஒரு யோசனை: திங்கள் விதைத்தால் செவ்வாய் நாள் 0, சனி நாள் 4, அடுத்த செவ்வாய் நாள் 7. கட்டி செய்யும் நீண்ட நாள் வாரத்தின் நடுவே, எல்லாரும் இருக்கும்போது வரும்.

மொரிசானே–பான்வென்ட்ரே முறை இதிலிருந்து பிரியும் இடத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிர் 8 முதல் 10 மைக்ரோமோலார் நான்கு நாள், ஆக்டிவின் ஏ புரதம் மில்லிக்கு 10 நானோகிராம் மூன்று நாள், எஃப்ஜிஎஃப்9 மில்லிக்கு வெறும் 10 நானோகிராம் இரண்டு நாள். ஒன்பதாம் நாள் சிக்ஸ்2 மரபணுவை வெளிப்படுத்தும் நெஃப்ரான் முன்னோடிச் செல்கள் 80–90 சதவீதம் கிடைக்கும் என்பது அவர்கள் அளித்த கணக்கு. அவற்றை ஒட்டாத 96 குழித் தட்டில் உருண்டையாக்கலாம். மருந்துச் சோதனைக்கு நிறையச் சிறு ஆர்கனாய்டுகள் வேண்டுமென்றால் இந்த வழி வசதி.

இனி இரண்டாம் கேள்வி. ஒரே செய்முறையில் ஏன் வேறுவேறு விளைவு?

முதல் காரணம் சிர்ரின் நாட்கணக்கு. கருவில் முதல்நிலைக் கோட்டிலிருந்து முன்னதாக வெளியேறும் செல்கள் உடலின் முன்பகுதி இடைநிலை மீசோடெர்மாகின்றன, தாமதித்து வெளியேறுபவை பின்பகுதியாகின்றன. முன்பகுதி, சிறுநீரைத் திரட்டும் சேகரிப்பு நாளத்தைத் தரும் சிறுநீர்நாள மொட்டுக்கும், பின்பகுதி நெஃப்ரான்களைத் தரும் மீசன்கைமுக்கும் போகும். தட்டில் சிர் இருக்கும் காலம் அந்தத் தாமதத்தைப் போலி செய்கிறது. மூன்று நாள் என்றால் தராசு மொட்டுப் பக்கம் சாயும், ஐந்து நாள் என்றால் மீசன்கைம் பக்கம். நான்கு நாள் என்பது சமரசம். ஆனால் ஒவ்வொரு செல் லைனும் சிர்ருக்கு ஒரே மாதிரி பதில் தருவதில்லை. உங்கள் லைனுக்கு 6, 8, 10, 12 மைக்ரோமோலார் என நான்கு அளவையும், 3, 4, 5 நாட்களையும் வைத்து ஒரு கட்டம் போட்டுப் பார்க்காமல் உண்மையான சோதனையைத் தொடங்கவே கூடாது. இரண்டு மாதம் போகும். போகட்டும். அதைத் தவிர்த்தவர்கள் ஆறு மாதம் இழக்கிறார்கள்.

அடுத்தது அடர்த்தி. சிர் சேர்க்கும்போது பரப்பில் 40–50 சதவீதம் நிறைந்திருப்பது நல்லது. குறைவாக இருந்தால் முதல் மரண அலையிலேயே செல்கள் தீர்ந்து ஏழாம் நாள் கட்டி செய்யப் போதாது. நெருக்கமாக இருந்தால் செல்கள் மாறாமல் தங்கிவிடும், அல்லது ஐந்தாம் ஆறாம் நாளில் தோல் உரிவதுபோல் ஏடாகக் கழன்று வரும். 15,000 என்பது ஒரு தொடக்கப் புள்ளிதான். கையால் எண்ணும்போது இரண்டு பேர் எண்ணிக்கையில் வரும் வேறுபாடே முடிவை மாற்றிவிடும். ஆகவே ஒரு திட்டத்தில் விதைப்பதை ஒருவரே செய்வது மேல்.

மூன்றாவது, ஐபிஎஸ் செல்களின் நிலை. ஓரங்களில் உருமாறத் தொடங்கிய காலனிகள், மைக்கோபிளாஸ்மா தொற்று, அளவுக்கு மீறிய பாசேஜ் (செல்களைப் பிரித்துப் புதுத் தட்டுக்கு மாற்றுவது) எல்லாமே விளைச்சலைக் குலைக்கும். எளிதில் கண்ணில் படாத ஒன்று குரோமோசோம் 20இன் நீண்ட கையில் 20கியூ11.21 பகுதி இரட்டிப்பது. இந்த மாற்றம் உள்ள செல்கள் எளிதில் சாவதில்லை, அதனால் தட்டை மெல்ல ஆக்கிரமித்துவிடும். பகுதி மிகச் சிறியதாகையால் வழக்கமான கேரியோடைப் என்ற குரோமோசோம் படத்தில் பல சமயம் தெரியாது. அந்தப் பகுதியைக் குறிவைத்து அளக்கும் கியூபிசிஆர் அல்லது ஃபிஷ் சோதனை வேண்டும். ஒரே பாசேஜில் ஐம்பது குப்பியாவது உறையவைத்து, சோதித்து, ஒவ்வொரு தொகுதிக்கும் புதுக் குப்பியிலிருந்து தொடங்கி, உருக்கியபின் இத்தனையாவது பாசேஜில் விதைப்பது என்று நிலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

எஃப்ஜிஎஃப்9ஐ உருக்கி உறையவைத்து மறுபடி உருக்குவதும் ஒரு திருடன். ஒருமுறைக்கு வேண்டிய அளவாகப் பிரித்து வையுங்கள். லாட் (தயாரிப்புத் தொகுதி) மாறினால் பழைய லாட்டோடு பக்கத்தில் வைத்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

இவ்வளவு கவனித்தும் வேறுபாடு முழுக்கப் போகாது. 2019இல் லிட்டிலின் குழு பல தொகுதிகளின் ஆர்என்ஏவை ஒப்பிட்டபோது, ஒரே தொகுதிக்குள் ஆர்கனாய்டுகள் ஒன்றையொன்று நன்றாக ஒத்திருந்தன. தொகுதிகளுக்கு இடையில்தான் பிளவு, அதுவும் பெரும்பாலும் முதிர்ச்சி வேகத்தில். இதிலிருந்து வரும் நடைமுறை விதியைப் பலர் மீறுகிறார்கள்: ஒரே நாளில் செய்த பத்து ஆர்கனாய்டுகள் புள்ளியியலில் பத்து மாதிரிகள் ஆகா. தொகுதி ஒன்று என்றால் எண்ணிக்கை ஒன்று. குறைந்தது மூன்று தனித் தொகுதிகள், முடிந்தால் இரண்டு குளோன்கள் (ஒற்றைச் செல்லிலிருந்து பெருக்கிய லைன்கள்). நோய் மாதிரியும் ஒப்பீட்டு மாதிரியும் ஒரே நாளில், ஒரே தட்டில், ஒரே கையால். நோயாளியின் செல்லை வேறொரு ஆரோக்கியமான மனிதரின் செல்லோடு ஒப்பிட்டால் நீங்கள் பார்ப்பது நோயா, இரு மனிதர்களுக்கு இடையிலுள்ள வேறுபாடா என்று சொல்லவே முடியாது. நோயாளியின் லைனில் பிறழ்வை கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்த முறையால் திருத்தி, திருத்தியதையும் திருத்தாததையும் பக்கம் பக்கமாக வளர்ப்பதே சரியான ஒப்பீடு.

தரம் பார்ப்பது எப்படி? நான்காம் நாள் கியூபிசிஆரில் முதல்நிலைக் கோட்டின் குறிமரபணுக்களான பிராக்கியூரி, மிக்ஸ்எல்1 மேலே வந்து இறங்கத் தொடங்கியிருக்க வேண்டும். ஏழாம் நாள் இடைநிலை மீசோடெர்மின் குறிகளான ஓஎஸ்ஆர்1, பேக்ஸ்2, எல்எச்எக்ஸ்1, ஹாக்ஸ்டி11 தெரிய வேண்டும். முடிவில் முழு ஆர்கனாய்டையும் சாயமேற்றி கான்ஃபோகலில் பாருங்கள்: போடோசைட்டுக்கு நெஃப்ரின், அண்மைக் குழலுக்கு எல்டிஎல் லெக்டின், சேய்மைக் குழலுக்கு ஈ-கேட்ஹெரின், அதன் கோடிக்கு காட்டா3. எல்டிஎல் என்பதில் லோட்டஸ் என்ற சொல் இருந்தாலும் தாமரைக்கும் அதற்கும் தொடர்பில்லை, பயறு குடும்பச் செடி அது. காட்டா3 ஒளிர்ந்ததும் சேகரிப்பு நாளம் வந்துவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். சேய்மைக் கோடியும் அதைக் காட்டும்.

சாயத்தில் தெரியாதது எவ்வளவு என்பதையும் அளக்க வேண்டும். 2018இல் பெஞ்சமின் ஹம்ஃப்ரீஸ் குழு ஒற்றைச் செல் ஆர்என்ஏ வரிசைப்படுத்தலில் இரு செய்முறைகளையும் சோதித்தபோது, 10–20 சதவீதம் செல்கள் சிறுநீரகத்துக்கே உரியவை அல்ல என்று தெரிந்தது. நரம்புச் செல் போன்றவை, தசைச் செல் போன்றவை. நரம்பு வளர்ச்சிக்கான பிடிஎன்எஃப் சமிக்ஞையின் என்டிஆர்கே2 ஏற்பியைத் தடுத்தபோது நரம்புச் செல்கள் 90 சதவீதம் குறைந்தன, நெஃப்ரான்களுக்குச் சேதமில்லை. நாள் நீள நீள இன்னொரு தொல்லை வரும்: இடைத்திசு குருத்தெலும்பாக மாறும். நடுவில் ஆக்சிஜன் எட்டாமல் செல்கள் சாகும். ஆகவே ‘இன்னும் இரண்டு வாரம் வைத்தால் முதிர்ந்துவிடும்’ என்ற எதிர்பார்ப்பு பலிப்பதில்லை. நெஃப்ரான்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் உருவாகி முன்னோடிச் செல்கள் தீர்ந்துவிடுவதால், காத்திருந்தாலும் புதிதாக எதுவும் முளைக்காது.

முதிர்ச்சிக்கு வழி தேடியவர்கள் வேறு இடங்களைத் தொட்டார்கள். 2018இல் நெதர்லாந்தின் லைடன் குழு எலியின் சிறுநீரக உறைக்கு அடியில் ஆர்கனாய்டைப் பதித்தபோது எலியின் ரத்தக்குழாய்கள் உள்ளே நுழைந்து குளோமருலஸ்வரை ரத்தம் ஓடியது. 2019இல் ஹார்வர்டின் ஜெனிஃபர் லூயிஸ் குழு ஒரு சிப்பில் மீடியத்தைத் தொடர்ந்து ஓடவிட்டு, ரத்தக்குழாய் வலையும் போடோசைட்டுகளும் மேம்படுவதைக் காட்டியது. 2021இல் லிட்டில் குழு செல்களைப் பயோபிரிண்டரால் மெல்லிய பட்டையாக இழுத்து அச்சிட்டபோது, திரண்ட கட்டியைவிடக் குறைந்த செல்களிலிருந்தே அதிக நெஃப்ரான் திசு கிடைத்தது. ‘கட்டி எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது’ என்ற எண்ணம் அதோடு போக வேண்டியதுதான்.

இப்போது பாலிசிஸ்டிக் கிட்னி. இந்நோய்க்குக் காரணமான பிகேடி1 அல்லது பிகேடி2 மரபணுவின் இரு பிரதிகளையும் கிரிஸ்பரால் அழித்த செல்களிலிருந்து வரும் ஆர்கனாய்டுகளில் குழல்கள் நீர்க்கட்டிகளாக வீங்குவதை ஃப்ரீட்மேன் 2015இல் காட்டினார். ஆனால் தட்டில் ஒட்டியிருந்தவரை கட்டிகள் அரிது. 2017இல் அதே குழு ஆர்கனாய்டுகளைக் கழற்றி மீடியத்தில் மிதக்கவிட்டதும் பெரும்பாலானவற்றில் கட்டிகள் வந்து, கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெருத்தன. சுற்றியுள்ள பிடிமானம் எவ்வளவு முக்கியம் என்பது அந்தச் சோதனையில் விளங்கியது. எனவே உங்கள் பிகேடி1 ஆர்கனாய்டில் கட்டி வரவில்லை என்றால் மரபணுத் திருத்தத்தைச் சந்தேகிக்கும் முன் அவை எதன்மேல் ஒட்டியிருக்கின்றன என்று பாருங்கள்.

இங்கே இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. நோயாளிகள் ஒரு பிறழ்ந்த பிரதியோடு பிறக்கிறார்கள். மற்றது வாழ்நாளில் சில செல்களில் கெடுகிறது, கட்டி பல ஆண்டுகளில் வளர்கிறது. நேரடியாக நோயாளியின் செல்லிலிருந்து செய்த ஆர்கனாய்டு நான்கு வாரத்தில் தானாக நீர்க்கட்டியை உண்டாக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஃபோர்ஸ்கோலின் கொடுத்துச் செல்லினுள் சுழற்சி ஏஎம்பியை உயர்த்தினால் வீக்கம் வரும், ஆனால் ஃபோர்ஸ்கோலின் சாதாரணக் குழலையும் ஓரளவு வீங்க வைக்கும். திருத்திய ஒப்பீடு இல்லாமல் அந்தப் படத்துக்குப் பொருளில்லை. இரண்டாவது, இந்த முறைகளில் கட்டிகள் பெரிதும் அண்மைக் குழலிலிருந்து வருகின்றன, நோயாளிகளிலோ முக்கியமாகச் சேகரிப்பு நாளத்திலிருந்து. இந்நோய்க்குத் தரப்படும் டால்வாப்டான் மருந்து வேலை செய்வது சேகரிப்பு நாளத்தின் வாசோபிரெசின் வி2 ஏற்பியில். அந்த ஏற்பியே இல்லாத ஆர்கனாய்டில் டால்வாப்டான் தோற்றால் அது மருந்தின் குற்றமாகாது. இக்கேள்விக்குச் சிறுநீர்நாள மொட்டைத் தனியாகச் செய்யும் முறைகளையே நாட வேண்டும்.

மருந்து நச்சுச் சோதனையிலும் இதே எச்சரிக்கை. புற்றுநோய் மருந்தான சிஸ்பிளாட்டினை 5 முதல் 20 மைக்ரோமோலாரில் ஒரு நாள் கொடுத்தால் டிஎன்ஏ சேதக் குறிகளும் சிறுநீரகக் காயத்தைக் காட்டும் கிம்-1 புரதமும் உயர்வதைப் பார்க்கலாம்; புது ஆய்வகம் கைப்பழகுவதற்கு நல்ல சோதனை. ஆனால் டெனோஃபோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து போன்றவை செல்லுக்குள் நுழைவது ஓஏடி1 என்ற கடத்தி வழியாக. கருநிலை அண்மைக் குழலில் அது மிகக் குறைவு. மருந்து உள்ளேயே போகவில்லை என்றால் செல் பிழைத்திருப்பதில் வியப்பில்லை. ஆர்கனாய்டு ‘நச்சு’ என்றால் காது கொடுங்கள். ‘நச்சு இல்லை’ என்றால் கடத்தி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 2022இல் ஜெசிகா வான்ஸ்லாம்ப்ரூக்கும் லிட்டில் குழுவினரும் முதல் கட்டத்தையே 13 நாளாக நீட்டி, அண்மைக் குழலை முன்பைவிட முதிரச் செய்த முறை இந்தக் குறையைக் கணிசமாகச் சரிசெய்கிறது. நச்சுச் சோதனைதான் நோக்கமென்றால் அங்கிருந்து தொடங்குங்கள்.

மாதிரி சரியாகப் பொருந்திய இடங்களில் அது தந்த பலன் பெரியது. 2019இல் மக்1 மரபணுவால் வரும் சிறுநீரக நோயில், பிறழ்ந்த புரதம் செல்லுக்குள் தேங்குவதை பிஆர்டி4780 என்ற மூலக்கூறு கரைப்பதை அன்னா கிரேக்காவின் குழு காட்டியபோது, நோயாளிகளின் செல்லிலிருந்து வளர்த்த ஆர்கனாய்டும் சான்றாக நின்றது. 2020இல் கோவிட் வைரஸ் மனிதச் சிறுநீரகத் திசுவை நேரடியாகத் தாக்க முடியும் என்பதும், வைரஸ் ஒட்டிக்கொள்ளும் ஏசிஇ2 புரதத்தின் கரையும் வடிவம் அதைத் தடுக்கும் என்பதும் ஆர்கனாய்டில் சோதிக்கப்பட்டது. இரண்டிலும் கேட்ட கேள்விக்கு வேண்டிய செல்லும் புரதமும் ஆர்கனாய்டில் உண்மையிலேயே இருந்தன.

நோயாளிகளின் வீட்டார் இதைப் படிக்கக்கூடும் என்பதால் ஒன்று. இந்தத் திசுவை மனிதருக்குப் பொருத்தி டயாலிசிஸை நிறுத்தும் நிலை இன்று இல்லை. நெஃப்ரான்கள் ஒரு வடிகாலோடு இணையவில்லை, சிறுநீர் வெளியேற வழியே கிடையாது. இந்தியாவில் 2017ஆம் ஆண்டின் தேசிய ஸ்டெம் செல் ஆய்வு வழிகாட்டுதல்கள்படி, ரத்த நோய்களுக்கான எலும்பு மஜ்ஜை மாற்று போன்ற ஏற்கப்பட்ட சிகிச்சைகளைத் தவிர மற்ற எதையும் அனுமதி பெற்ற மருத்துவப் பரிசோதனைக்கு வெளியே கொடுக்கக் கூடாது. அத்தகைய பரிசோதனையில் நோயாளியிடம் பணம் வாங்கவும் கூடாது. சிறுநீரகத்துக்கு ஸ்டெம் செல் ஊசி என்று யாராவது கட்டணம் கேட்டால், அனுமதி எண்ணையும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கடிதத்தையும் கேளுங்கள். உங்கள் நெஃப்ராலஜிஸ்டிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.